திருவிழாவில் யாருக்கு என்ன வேலை? திருப்பதி, சித்தூர் வட்டாரத்தின் பன்னிரண்டு மாதங்கள்



பண்டிகைகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எந்த நாள், எந்தத் தெய்வம், என்ன பலகாரம் என்று வரிசையாகச் சொல்வது வழக்கம். அந்த வரிசை எல்லா நாள்காட்டியிலும் இருக்கிறது. நான் இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஆண்டைச் சுற்றி வரப்போகிறேன். இந்தத் திருவிழாவில் யாருக்கு என்ன வேலை? விளக்குக்கு எண்ணெய் கொடுப்பது யார், கொடி பிடிப்பது யார், மாலை எந்த ஊரிலிருந்து வருகிறது, வேடம் கட்டும் முறை எந்த வீட்டுக்கு? இதைக் கேட்டால்தான் ஒரு திருவிழா ஏன் ஆயிரம் ஆண்டு நிற்கிறது என்பது புரியும்.

அதற்கு நான் தேர்ந்துகொண்ட இடம் திருப்பதியும் சித்தூரும். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடக்கெல்லையாகச் சொன்ன வேங்கடம் இங்கேதான் இருக்கிறது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆனது. நிர்வாகக் கோடுகள் இப்படிப் பலமுறை மாறியிருக்கின்றன. திருவிழாக்கள் அந்தக் கோடுகளின்படி பிரியவில்லை.

கல்லில் எழுதிய பொறுப்பு

திருமலைக் கோயிலிலும் அதன் கீழ்க் கோயில்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கல்வெட்டாய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவற்றைப் படித்து 1930-களில் தொகுதி தொகுதியாக வெளிவரச் செய்தார். இந்த வட்டாரத்தின் திருவிழா வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது.

அவற்றில் ஒரு கல்வெட்டு சாமவை என்ற பெண்ணுடையது. காடவன் பெருந்தேவி என்றும் பெயர் கொண்ட அந்தப் பல்லவ குலத்து அரசி, வெள்ளியில் ஒரு திருமேனி செய்வித்துக் கோயிலுக்கு அளித்தாள். இன்று போக சீனிவாசர் என்று வழங்கும் அந்தத் திருமேனியைத்தான் மார்கழி தவிர மற்ற மாதங்களில் ஏகாந்த சேவையில் இரவுதோறும் ஊஞ்சல் கட்டிலில் பள்ளிகொள்ளச் செய்கிறார்கள். சாமவை திருமேனியோடு நிற்கவில்லை. அணிகலன்கள் கொடுத்தாள். நிலம் வாங்கி எழுதிவைத்தாள். புரட்டாசித் திருவிழாவிலும் மார்கழியிலும் அந்தத் திருமேனி எழுந்தருளுவதற்கும் ஏற்பாடு செய்தாள். ஆய்வாளர்கள் இதன் காலத்தைக் கி.பி. 966 என்று கொள்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஒரு பெண் வைத்த அறக்கட்டளை அது.

விஜயநகரக் காலத்தில் இப்படிப்பட்ட கட்டளைகள் பெருகின. அவை நடந்த முறை கவனிக்கத்தக்கது. ஒருவர் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் பொன் செலுத்துவார். கோயில் அந்தப் பொன்னைப் பெட்டியில் பூட்டிவைக்காது. தன் கிராமங்களில் ஏரி வெட்டும், கால்வாய் தோண்டும். நீர் பாய்ந்து விளைச்சல் கூடும். கூடிய விளைச்சலிலிருந்து, கொடுத்தவர் குறித்த திருவிழா நாளில் தளிகை நடக்கும். அந்தப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. கல்வெட்டுகள் இதை விட்டவன் விழுக்காடு என்று குறிக்கின்றன. மீதி, கோயிலில் பணிசெய்வோருக்கும் ஓதுவோருக்கும் அடியார்களுக்கும். பர்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், திருப்பதிக் கோயில் எப்படி இந்த வட்டாரத்தின் பாசனத்தை வளர்த்தது என்று இக்கல்வெட்டுகளைக் கொண்டே காட்டினார். ஒரு நாள் உற்சவத்துக்காக வெட்டிய ஏரி ஆண்டு முழுவதும் உழவனுக்குத் தண்ணீர் தந்தது.

இக்கல்வெட்டுகள் பலவும் ஒரே மாதிரி முடிகின்றன. இந்தத் தர்மத்தைக் காப்பது ஸ்ரீவைஷ்ணவர்களின் பொறுப்பு என்று எழுதி முடிக்கிறார்கள். அரசன் காப்பான் என்றோ படை காக்கும் என்றோ சொல்லவில்லை. அடியாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டு பஞ்சாங்கம்

இந்த வட்டாரத்தில் புத்தாண்டு இரண்டு முறை பிறக்கிறது. சந்திரனைக் கொண்டு மாதம் கணக்கிடும் தெலுங்கு வீடுகளில் யுகாதி. சூரியனைக் கொண்டு கணக்கிடும் தமிழ் வீடுகளில் சித்திரை முதல் நாள். வேப்பம்பூ இரண்டுக்கும் பொது. யுகாதிப் பச்சடியில் விழுந்த பூவே சில வாரம் கழித்துத் தமிழ்ப் புத்தாண்டுப் பச்சடியிலும் விழுகிறது.

இரண்டு கணக்கும் ஒன்றையொன்று விட்டு விலகும் இடத்தில் திருமலை என்ன செய்கிறது என்பது அழகான செய்தி. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று சேர்கிறது. சாதாரண ஆண்டில் புரட்டாசியும் நவராத்திரியும் ஒன்றாக வரும், பிரம்மோற்சவம் ஒன்றுதான். அதிக மாதம் வரும் ஆண்டில் அவை பிரிந்துவிடும். அப்போது புரட்டாசிக்கு ஒன்று, நவராத்திரிக்கு ஒன்று என இரண்டு பிரம்மோற்சவங்கள். 2015, 2018, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. எந்தக் கணக்கு சரி என்ற வழக்குக்கு அங்கே இடமில்லை. இரண்டு கணக்குக்கும் பெருமாள் வீதிக்கு வருகிறார்.

சித்திரை முதல் ஆடி வரை

சித்திரை வெயிலில் இந்த மண் அம்மனுடையது. சித்தூரில் நடுவீதி கங்கம்மா, குப்பத்தில் கங்கம்மா, திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மா என்று ஊருக்கு ஊர் ஜாத்திரை. திருப்பதி ஜாத்திரை செவ்வாய் தொடங்கி மறு செவ்வாய் வரை ஒரு வாரம். பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனைத் தேடிக் கங்கம்மா வேடம் மாற்றி மாற்றி ஊரைச் சுற்றினாள், கடைசியில் அவனை வெளியே வரவழைத்துத் தலையை வெட்டினாள் என்பது கதை. அந்த வேடங்களைத்தான் ஒவ்வொரு நாளும் கட்டுகிறார்கள். பைராகி வேடத்துக்கு நாமக்கட்டிக் குழம்பு, பண்ட வேடத்துக்குக் குங்குமம், தோட்டி வேடத்துக்குக் கரி, துரை வேடத்துக்குச் சந்தனம். உடம்பெல்லாம் பூசி, வேப்பிலை கட்டி, ஆண்களும் சிறுவர்களும் தெருவில் இறங்குகிறார்கள். பிறகு மாதங்கி வேடம். மீசை வைத்த ஆண்கள் அன்று சேலை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டுப் பெண்ணாகி வருகிறார்கள். பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை நினைவுகூர ஆண்களெல்லாம் பெண்ணுருக் கொள்ளும் திருவிழா இது. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஜாத்திரையைப் பற்றி 2013-இல் தனி நூலே வெளியிட்டார்.

அம்மனின் முக்கிய வேடங்களைக் கட்டும் முறை கைகால என்னும் நெசவாளர் குடும்பத்துக்கு உரியது. நம் செங்குந்தக் கைக்கோளர்களின் தெலுங்கு நாட்டு உறவுதான் அவர்கள். பிறந்த வீட்டுச் சீர் அவிலால கிராமத்திலிருந்து வருகிறது. கங்கம்மா ஏழுமலையானின் தங்கை என்பது ஐதீகம். அதனால் தேவஸ்தானமும் அண்ணன் வீட்டுச் சீராகச் சேலையும் மஞ்சள் குங்குமமும் அனுப்புகிறது. கடைசி இரவில் கோயில் முன்னால் களிமண்ணில் அம்மனின் பேருருவ முகம் எழுப்புகிறார்கள். விடியும் நேரத்தில் பேரண்டாலு என்னும் வேடம் கட்டியவர் வந்து அந்த முகத்தின் கன்னத்தைக் கிழிக்கிறார். அடுத்த கணம் கூட்டம் பாய்கிறது. ஒரு பிடி மண்ணாவது கையில் அகப்பட வேண்டும். அந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டால் நோய் அண்டாது என்று நம்புகிறார்கள். ஒரு வாரம் ஊரைக் காத்தவள், போகும்போது தன்னையே பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

இதே கோடையில் சித்தூர், புத்தூர், நகரிப் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் நடக்கும். திரௌபதி அம்மன் கோயிலை இங்கே தர்மராஜர் கோயில் என்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று நட்டுவைத்த உயர மரத்தில் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும், பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள். பதினெட்டாம் போரன்று தரையில் மண்ணுருவாகப் படுத்திருக்கும் துரியோதனனை வீமன் அடித்து வீழ்த்த, திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. கூத்து தமிழில் நடக்கும் ஊரும் உண்டு, தெலுங்கில் நடக்கும் ஊரும் உண்டு. திருவிழாவின் அமைப்பில் மாற்றமில்லை.

வைகாசியில் கீழ்த் திருப்பதி கோவிந்தராஜப் பெருமாளுக்குப் பிரம்மோற்சவம். இராமானுசர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலை நிலைநிறுத்தி, சுற்றிலும் வீதிகள் அமைத்ததால்தான் திருப்பதி என்ற ஊரே உண்டாயிற்று.

ஆனி கடைசி நாளில் ஆனிவார ஆஸ்தானம். 1843 முதல் 1933 வரை திருமலை நிர்வாகம் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. அக்காலத்தில் கோயிலின் கணக்காண்டு ஆனியோடு முடியும். 1933-இல் தேவஸ்தானக் குழு வந்தது. கணக்காண்டு பின்னாளில் ஏப்ரலுக்கு மாறிப்போனது. ஆனாலும் ஆனிவார ஆஸ்தானத்தன்று கோயில் சாவிக்கொத்தைப் பெருமாளின் திருவடியில் வைத்து எடுக்கும் முறை நிற்கவில்லை. பொறுப்பு தம்முடையது, உடைமை தம்முடையது அல்ல என்பதை நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒருமுறை ஊரறியச் சொல்லும் நாள் அது.

ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூர்ச் சீமையின் காவடிகள் திருத்தணியை நோக்கித் திரும்பும். 1960-க்குப் பிறகு அது வேறு மாநிலம். காவடி எடுப்பவர் தோளில் அந்த வேறுபாடு ஏறியதில்லை.

ஆவணியும் புரட்டாசியும்

விநாயக சதுர்த்தி என்றால் சித்தூர்க்காரர்களுக்குக் காணிப்பாக்கம். பாகுதா ஆற்றங்கரையில், கிணற்றுக்குள்ளேயே சுயம்புவாக இருக்கிறார் வரசித்தி விநாயகர். சுற்றிலும் எப்போதும் நீர். கண், காது, வாய் ஆகியவற்றில் ஆளுக்கொரு குறையுடைய மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டும்போது கிடைத்தவர் என்பது தலக்கதை. முதற் குலோத்துங்கன் காலத்துக் கோயில் என்பது மரபு. சதுர்த்தியில் தொடங்கி 21 நாள் விழா. சுற்றுப்புறக் கிராமங்களின் உபயதாரர்கள் தத்தம் முறைநாளில் வாகன சேவை நடத்துகிறார்கள். உழவர் வீடுகளுக்கு அந்த முறைநாள் பெரிய மானம்.

புரட்டாசி பிறந்துவிட்டால் திருமலைதான். விழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை கோயில் ஆழ்வார் திருமஞ்சனம். யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்குக்கு முன்பும் இது உண்டு. மூலவரைத் துணியால் போர்த்தி மறைத்துவிட்டு, கருவறை தொடங்கிச் சுவர், கூரை, தூண், பூசைப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவுகிறார்கள். பிறகு நாமக்கட்டி, திருச்சூர்ணம், கஸ்தூரி மஞ்சள், பச்சைக் கர்ப்பூரம், சந்தனம், கிச்சிலிக் கிழங்கு எல்லாம் கரைத்த பரிமளக் குழம்பை அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து சுவர்களில் வாரி அடிக்கிறார்கள். அர்ச்சகரும் அதிகாரியும் ஊழியரும் ஒரே ஈரத்தில் நின்று செய்யும் வேலை. பூச்சி அண்டாமல் கல்லைக் காக்கும் மருந்தும் அதுவே, வழிபாடும் அதுவே.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் மாலை பெருமாளின் படைத்தலைவரான சேனை முதலியார் மாட வீதி வழியாகப் போய் மண் எடுத்து வருகிறார். அந்த மண்ணைப் பாலிகைகளில் நிரப்பி நவதானியம் விதைப்பது அங்குரார்ப்பணம். விதை முளைக்க வேண்டும், அப்போதுதான் விழா. மறுநாள் கருடக்கொடி ஏறுகிறது. ஒன்பது நாளும் உற்சவர் மலையப்ப சுவாமி காலையும் மாலையும் வாகனங்களில் வருகிறார். பெரிய சேஷம், சின்ன சேஷம், அன்னம், சிம்மம், முத்துப்பந்தல், கற்பக விருட்சம், சர்வபூபாலம் என்று வரிசை. ஐந்தாம் நாள் காலை மோகினித் திருக்கோலம், இரவு கருட சேவை. அனுமன், யானை, சூரியப் பிரபை, சந்திரப் பிரபைக்குப் பின் எட்டாம் நாள் தேர், ஒன்பதாம் நாள் சக்கரஸ்நானம்.

கருட சேவைக்குத் திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருகிறது. சென்னைப் பூக்கடைச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருக்குடைகள் கிளம்பி, யானைகவுனியைத் தாண்டி, ஊர் ஊராக வழிபாடு பெற்று மலையேறுகின்றன. திருக்குடை தாண்டும் நாளில் சென்னையில் யானைகவுனி நிரம்பி வழியும். ஆந்திரத்து மலையில் நடக்கும் உற்சவத்துக்குப் பாண்டி நாடு மாலை தருகிறது, தொண்டை நாடு குடை தருகிறது.

வீடுகளில் புரட்டாசிச் சனிக்கிழமை தளிகையும் மாவிளக்கும். நெற்றியில் நாமமிட்ட பிள்ளைகள் செம்பு ஏந்திக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்குவார்கள். மஞ்சள் உடுத்தி நடந்து வருகிறவர்கள் அலிபிரியில் 3,550 படி ஏறுகிறார்கள். 1944-இல் முதல் மலைச்சாலை திறந்தது. அதற்கு முன்பு மலைக்குப் போவதென்றால் காலால் ஏறுவதுதான்.

கார்த்திகையும் மார்கழியும்

தீபாவளி ஆஸ்தானம் முடிந்து கார்த்திகை வந்தால் திருச்சானூரில் பத்மாவதித் தாயாருக்குப் பிரம்மோற்சவம். நிறைவு நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று பட்டு, மஞ்சள், குங்குமம், பூ, பலகாரம் எல்லாம் திருமலையிலிருந்து யானைமேல் இறங்கி வருகின்றன. மலைமேல் இருக்கும் கணவன் வீடு, கீழே இருக்கும் மனைவிக்குச் சீர் அனுப்பும் நாள் அது. பத்மசரோவரத்தில் லட்சக்கணக்கானோர் நீராடுகிறார்கள்.

கைசிக துவாதசியைப் பற்றி ஒரு சொல். மலையப்ப சுவாமிக்கு முன்பு உற்சவராக இருந்தவர் உக்கிர சீனிவாசர். ஆண்டில் இந்த ஒரு நாள்தான் அவர் வெளியே எழுந்தருளுகிறார், அதுவும் சூரியன் எழுவதற்கு முன்பு திரும்பிவிட வேண்டும். பல நூற்றாண்டுக்கு முன் பொறுப்பை மாற்றிக் கொடுத்தவருக்கும் அவருடைய நாளை மறக்காமல் தருகிறது அந்த மரபு.

மார்கழி முழுவதும் திருமலையில் சுப்ரபாதம் கிடையாது. அந்த இடத்தில் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு நாட்டின் முதல் கோயிலில் விடியற்காலைத் தமிழ் அது. ஏகாந்த சேவையில் போக சீனிவாசருக்குப் பதிலாகக் கண்ணன் பள்ளிகொள்கிறான். வைகுண்ட ஏகாதசியை ஒட்டி 25 நாள் அத்யயன உற்சவம். நாலாயிர திவ்யப் பிரபந்தம் முழுவதும் ஓதப்படுகிறது. ஓதுவோர் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு. தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட பிரபந்தத்தைப் படித்து மனப்பாடம் செய்தவர்கள். வேங்கடத்தைப் பத்து ஆழ்வார்கள் பாடியிருக்கிறார்கள் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். அந்தப் பாசுரங்களை அன்றாடம் உயிரோடு வைத்திருப்பவர்களில் அவர்களும் அடக்கம் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

அத்யயன உற்சவம் முடிந்ததும் தண்ணீரமுது உற்சவம். இராமானுசரின் தாய்மாமன் திருமலை நம்பி தள்ளாத வயதிலும் பாபவிநாசத்திலிருந்து தண்ணீர்க் குடம் சுமந்து வருவார். வேடன் உருவில் வந்த பெருமாள், தாத்தா என்று அழைத்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இனி இவ்வளவு தூரம் வேண்டாம் என்று அம்பெய்து ஆகாச கங்கையை அருகிலேயே வரவழைத்தார் என்பது ஐதீகம். இன்றும் நம்பியின் வழிவந்தோர் அந்த நாளில் தீர்த்தக் குடம் எடுத்து வருகிறார்கள். ஒரு முதியவர் குடம் சுமந்ததற்கு ஒரு திருவிழா! உலகில் வேறெங்கும் தண்ணீர் சுமந்தவருக்கு இப்படி ஒரு நாள் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தை முதல் பங்குனி வரை

போகியும் பொங்கலும் முடிந்த மறுநாள், நமக்கு மாட்டுப்பொங்கல், தெலுங்கர்க்குக் கனுமா. அன்று சந்திரகிரிப் பக்கம் அ. ரங்கம்பேட்டையில் மாடுகளின் கொம்பைச் சீவி வண்ணமடித்துப் பலகை கட்டி ஓடவிடுவார்கள், இளைஞர்கள் பாய்ந்து பறிப்பார்கள். வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்து எருது விடும் விழாவை அறிந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அதே நாளில் திருமலையில் பெருமாள் பார்வேட்டைக்குப் போகிறார். தை மாத ரத சப்தமியில் சூரியப் பிரபை தொடங்கிச் சந்திரப் பிரபை வரை ஒரே நாளில் ஏழு வாகனம்.

அதே கனுமா நாளில் காளத்தியில் ஈசன் கிரிவலம் புறப்படுகிறார். காரணம் கேட்டால் ஊரார் சொல்லும் விடை இனிமையானது. மாசியில் தனக்குக் கல்யாணம் வருகிறதாம். மலைமேல் இருக்கும் முனிவர்களையும் தேவர்களையும் நேரில் போய் அழைக்க வேண்டுமாம். கல்யாணம் முடிந்தபின், வந்தவர்களை வழியனுப்ப இன்னொரு கிரிவலம்.

மாசி மகா சிவராத்திரிப் பிரம்மோற்சவத்தின் தொடக்கத்தைக் காளத்திக்குப் போய்ப் பாருங்கள். முதல் கொடி ஈசனுக்கு ஏறுவதில்லை. கண்ணப்பர் மலையில், பக்த கண்ணப்பருக்கு ஏறுகிறது. மறுநாள்தான் சிவபெருமானுக்குக் கொடி. வாயில் நீர் கொண்டுவந்து நீராட்டி, தலைமயிரில் பூச்செருகி வந்து, தான் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்த வேட்டுவன் அவன். அந்தத் திண்ணனைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். கிருஷ்ணதேவராயர் அவையைச் சேர்ந்த தூர்ஜடி தெலுங்கில் பாடினார். அந்த அரசன் 1516-இல் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. புதுக் கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்கும் நடந்தது. இடையில் எந்தச் சிவராத்திரியும் நிற்கவில்லை. கோபுரம் விழுந்தால் கட்டிக்கொள்ளலாம். அடியார்க்கு முதல் கொடி என்ற முறை விழுந்தால் மீண்டும் கட்ட முடியாது.

பங்குனியில் திருமலைப் புஷ்கரிணியில் ஐந்து நாள் தெப்பம். அந்தச் சமயத்தை ஒட்டி, தமிழ்நாட்டு எல்லையருகே நாகலாபுரம் வேதநாராயணப் பெருமாள் மீது மாலைச் சூரியனின் கதிர் விழுகிறது. முதல் நாள் திருவடி, இரண்டாம் நாள் இடை, மூன்றாம் நாள் திருமுகம். அதோடு ஆண்டு வட்டம் முடிந்து அடுத்த வேப்பம்பூ மலர்கிறது.

கூட்டமும் பங்கும்

இத்தனையும் சொன்னது ஒரு முடிவுக்கு வருவதற்காக. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் திருமலைப் பிரம்மோற்சவம் மாட வீதிக்கு வரவில்லை. கோயிலுக்குள்ளேயே ஏகாந்தமாக நடந்தது. மக்கள் திரள் இல்லை. ஆனாலும் மண் எடுத்தார்கள், விதை முளைத்தது, கொடி ஏறியது, வாகன வரிசை தவறவில்லை. ஒவ்வொருவருக்கும் வேலை இருந்ததால் திருவிழா நடந்தது. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் கூடிய நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். பக்தியோடு வந்தவர்கள் அவர்கள். அவர்களை நினைத்து மனம் கனக்கிறது. இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. திருவிழாவைத் தாங்குவது தலை எண்ணிக்கை அல்ல, கடமை. ஒரே நாளில், ஒரே வாசலில், ஒரே நொடி தரிசனம் என்று நம் பண்டிகையைச் சுருக்கிக்கொண்டது பெரும் இழப்பு.

முன்னோர் திருவிழாவை ஆண்டு முழுவதும் பரப்பிவைத்தார்கள், ஊர் முழுவதும் பரப்பிவைத்தார்கள். நெசவாளர் வீட்டுக்கு வேடம், அவிலாலவுக்குச் சீர், நம்பி வழியினர்க்குக் குடம், திருவில்லிபுத்தூருக்கு மாலை, சென்னைக்குக் குடை, உழவர்க்கு உபயம். இவர்களில் யாரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். தங்கள் வேலையைச் செய்ய வந்தவர்கள். சில முறைகள் எல்லோரையும் உள்ளே விடவில்லை என்ற குறை உண்மையானது. அதற்கு மருந்து முறைகளை ஒழிப்பது அன்று. இதுவரை வேலை பெறாதவர்க்கும் வேலை தந்து பங்கைப் பெருக்குவதே மருந்து. கண்ணப்பருக்கு முதல் கொடி ஏற்றும் மண்ணுக்கு அதைச் செய்யும் உரிமையும் கடமையும் உண்டு.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். தமிழ் படிக்கும் நீங்கள் திருமலைக் கல்வெட்டுத் தொகுதிகளைக் கையில் எடுங்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இரண்டாவது, சித்தூர்ச் சீமையின் பாரதக் கூத்தையும் கங்கம்மா ஜாத்திரைப் பாடல்களையும், பாடுகிற முதியவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்யுங்கள், தமிழ், தெலுங்கு இரண்டையும். மூன்றாவது, இந்த ஆண்டு உங்கள் தெருக் கோயில் திருவிழாவில் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கோலம் போடுவதாக இருக்கட்டும், பந்தத்துக்கு எண்ணெய் ஊற்றுவதாக இருக்கட்டும், பந்தியில் தண்ணீர் வைப்பதாக இருக்கட்டும். அடுத்த ஆண்டும் அதே வேலைக்கு வந்து நில்லுங்கள்.